ஊர் ஏடு எழுதிய மாதர்

மாதர் சங்கம் என்றவுடன் பலரின் கண்முன் வருவது கோலப் போட்டியும் சமையல் போட்டியும்தான். ஆலயத் திருவிழாவில் ஆண்கள் மேடையில் மாலை வாங்கிக் கொண்டிருப்பார்கள். பின்கட்டில் மாதர் பிரிவினர் அன்னதானத்துக்குக் காய்கறி நறுக்கிக் கொண்டிருப்பார்கள். ஆண்டறிக்கையில் அவர்களுக்கு ஒரு வரி கிடைக்கும்: 'உணவு ஏற்பாட்டைக் கவனித்துக் கொண்ட மகளிர் பிரிவினருக்கு நன்றி.' அந்த ஒரு வரிக்குள் எத்தனை பேர், எத்தனை இரவு கண்விழிப்பு என்பதை எவரும் எழுதி வைப்பதில்லை.

இன்றைய உரை, நாட்டுப்புறப் பெண்கள் தங்கள் ஊருக்குச் செய்த சேவையைப் பற்றியது. அதைவிட முக்கியமாக, அந்த ஊரின் கதையை அவர்களே உட்கார்ந்து எழுதி வைத்ததைப் பற்றியது. கனடாவில் தொடங்கிய இந்தக் கதை, பிரிட்டனுக்குப் போய், 1952இல் நம் மலாயாவுக்கும் வந்தது. எனவே முதலில் கனடாவுக்குப் போவோம். தோட்டப்புறத்துக்குக் கடைசியில் வரலாம்.

கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் ஹாமில்டன் என்று ஒரு தொழில் நகரம். அங்கே மரச்சாமான் தொழில் நடத்திய ஒருவரின் மனைவி அடிலெய்ட் ஹூட்லெஸ். 1889ஆம் ஆண்டு கோடையில் அவருடைய கடைசிக் குழந்தை இறந்து போனது. ஆண் குழந்தை, ஒன்றரை வயதுகூட நிறையவில்லை. கெட்டுப்போன பால்தான் காரணம் என்று அந்த இயக்கத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அந்தக் காலத்தில் பால், திறந்த பாத்திரத்தில் வண்டியில் வரும். வழியெல்லாம் ஈயும் தூசியும். வீட்டில் குளிர்சாதனப் பெட்டி கிடையாது. கோடை வந்தால் வயிற்றுப்போக்கில் குழந்தைகள் சாவது விதி என்றே பலரும் எண்ணியிருந்தார்கள்.

அந்தத் தாய் விதி என்று விட்டுவிடவில்லை. பாலை எப்படிக் காக்க வேண்டும் என்பது முன்பே தெரிந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்குமே என்று தன்னையே நொந்து கொண்டாராம். வீட்டுச் சுகாதாரமும் சமையலும் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே முறையாகக் கற்பிக்கப்பட வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசத் தொடங்கினார். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அடிலெய்ட் ஹூட்லெஸ், பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவர் அல்லர். பெண்ணின் இடம் வீடு என்று நம்பிய மனிதர்தான். ஆனால் அந்த வீட்டை நடத்துவது ஒரு கல்வி, அதற்கும் அரசாங்கம் பணம் செலவழிக்க வேண்டும் என்று அடித்துச் சொன்னார். அன்றைக்கு அதுவே பெரிய பேச்சு.

ஒண்டாரியோவில் அப்போது விவசாயிகளுக்கென்று மன்றங்கள் இருந்தன. எந்த மண்ணுக்கு எந்தப் பயிர், மாட்டுக்கு என்ன தீவனம், பன்றிக்கு என்ன நோய் என்று ஆண்கள் கூடிப் பேசுவார்கள். ஸ்டோனி கிரீக் என்ற ஊரைச் சேர்ந்த எர்லண்ட் லீ என்ற விவசாயி, ஹூட்லெஸ் அம்மையாரின் உரையை ஒரு கூட்டத்தில் கேட்டார். தங்கள் மன்றம் மனைவிமாரையும் அழைக்கும் ஓர் இரவுக் கூட்டத்துக்கு அவரைப் பேச வரவழைத்தார். அந்தக் கூட்டம் 1897 பிப்ரவரி 12ஆம் தேதி நடந்தது. கால்நடைக்காக ஆண்கள் சங்கம் வைத்திருக்கும்போது, பிள்ளைகளுக்காகப் பெண்கள் ஏன் சங்கம் வைக்கக்கூடாது என்பதுதான் அன்று அவர் வைத்த வாதம். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடவில்லை. சரியாக ஒரு வாரம் கழித்து, 19ஆம் தேதி, 101 பெண்கள் வந்து சேர்ந்தார்கள். பிப்ரவரி மாதம் அங்கே கடும் பனிக்காலம் என்பதையும், அவர்களில் பலர் பண்ணை வீடுகளில் வாழ்ந்தவர்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். அந்த 101 பெண்களுக்கு நடுவே இருந்த ஒரே ஆண் எர்லண்ட் லீ.

இப்படிப் பிறந்ததுதான் 'விமன்ஸ் இன்ஸ்டிட்யூட்'. தமிழில் மாதர் மன்றம் என்று சொல்லிக் கொள்ளலாம். அதன் சட்ட விதிகளை எர்லண்ட் லீயும் அவர் மனைவி ஜேனட்டும் தங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையில் அமர்ந்து எழுதினார்கள். அந்த வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது.

இந்த மன்றங்களின் பலம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அது மிகச் சாதாரணமான ஓர் இடத்திலிருந்து வந்தது: கூட்டம் நடத்தும் முறை. மாதம் ஒருமுறை கூட்டம். தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் பெண்கள். சென்ற கூட்டத்தின் குறிப்பு வாசிக்கப்படும், ஏற்றுக் கொள்ளப்படும், பிறகுதான் மற்றவை. வருகைப் பதிவில்கூட ஓர் அழகான வழக்கம் உண்டு. பெயர் கூப்பிட்டால் 'வந்திருக்கிறேன்' என்று சொன்னால் போதாது. அந்த மாதத்துக்குக் கொடுக்கப்பட்ட கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல வேண்டும். பண்ணை வீட்டில் கணவனோடும் மாட்டோடும் மட்டுமே பேசிப் பழகிய பெண், பத்துப் பேர் முன்னால் வாய் திறக்கக் கற்றுக் கொண்டது அந்த ஒரு வரியில்தான்.

இன்னொன்று, மன்றத்துக்குள் சமயமும் கட்சியும் வரக்கூடாது என்பது விதி. ஒரே ஊரில் கத்தோலிக்கரும் மெத்தடிஸ்ட் சபையினரும் ஒருவரையொருவர் ஏறெடுத்துப் பார்க்காத காலம் அது. அந்த இரண்டு வீட்டுப் பெண்களும் ஒரே வாங்கில் அமர வேண்டியிருந்தது. நம் ஊர்களில் ஒரு கோயிலுக்கு ஒரு மாதர் பிரிவு, ஒரு கட்சிக்கு ஒரு மாதர் பிரிவு என்று பிரிந்து கிடப்பதைப் பார்க்கும்போது, அந்த ஒரு விதியையாவது கடன் வாங்கலாமே என்று தோன்றாமல் இல்லை.

பேசியதோடு நின்றார்களா? பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்று கேட்டார்கள். ஊருக்கு நூலகம் வைத்தார்கள். புதர் மண்டிய இடுகாடுகளைத் துப்புரவு செய்தார்கள். கடையில் விற்கும் ரொட்டியைத் தாளில் சுற்றித்தான் விற்க வேண்டும் என்றும், பால் காய்ச்சிக் கிருமி நீக்கப்பட்டுத்தான் விற்பனைக்கு வர வேண்டும் என்றும் தீர்மானம் மேல் தீர்மானம் போட்டார்கள். பாலைக் கிருமி நீக்கியே விற்க வேண்டும் என்ற சட்டத்தை ஒண்டாரியோ 1938இல் கொண்டு வந்தது. கனடாவில் அதைச் செய்த முதல் மாநிலம் அதுதான். ஹாமில்டனில் அந்தக் குழந்தை இறந்து அப்போது 49 ஆண்டுகள் ஆகியிருந்தன.

தாய் அதைப் பார்க்கவில்லை. 1910 பிப்ரவரியில் டொராண்டோ நகரில் மேடையில் பேசிக் கொண்டிருந்தபோதே அடிலெய்ட் ஹூட்லெஸ் மயங்கி விழுந்து இறந்து போனார். மறுநாள் அவருடைய பிறந்த நாள்.

அடுத்து பிரிட்டன். மேஜ் வாட் என்ற கனடியப் பெண்மணி, கணவர் இறந்த பிறகு பிரிட்டனுக்குப் போனார். இந்த மன்றங்களை அங்கேயும் தொடங்கலாம் என்று சொல்லிப் பார்த்தார். ஆங்கிலேயக் கிராமங்களில் பண்ணையாரம்மாவும் வண்டிக்காரன் மனைவியும் ஒன்றாக அமர்வதாவது என்று பலர் தயங்கினார்கள். முதல் உலகப்போர் மூண்டு உணவுத் தட்டுப்பாடு வந்த பிறகுதான் காது கொடுத்தார்கள். 1915 செப்டம்பரில் வேல்ஸ் நாட்டு ஆங்கிள்சி தீவில் முதல் மன்றம் அமைந்தது. ஊரின் பெயர் லான்வைர்புல். அது சுருக்கப் பெயர்தான். முழுப் பெயரை எழுத 58 எழுத்துகள் வேண்டும். அதை இங்கே சொல்ல முயன்றால் நிகழ்ச்சி நேரம் முடிந்துவிடும்.

பிரிட்டனில் இந்த மாதரைப் பற்றிக் கேலியாகச் சொல்வதென்றால் 'ஜேம் காய்ச்சும் கூட்டம்' என்பார்கள். அந்த ஜேமின் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். 1940இல் போர் நடந்து கொண்டிருக்கிறது. கப்பல்கள் மூழ்கடிக்கப்படுகின்றன. சீனி பங்கீட்டு அட்டைக்குத்தான் கிடைக்கும். கிராமத் தோட்டங்களிலோ பழம் கொட்டிக் கிடக்கிறது. சீனி இல்லாததால் அழுகிப் போகும் நிலை. மாதர் மன்றம் அரசாங்கத்தோடு பேசி, சீனிக்கு ஏற்பாடு செய்து, ஊர் ஊராக மையங்களைத் திறந்தது. ஊர் மண்டபத்திலும், பண்ணைக் கொட்டகையிலும், சில இடங்களில் வீட்டு அடுப்படியிலும் காய்ச்சினார்கள். 1940 முதல் 1945 வரை அவர்கள் காய்ச்சிப் பதப்படுத்திய பழம் 5,300 டன்னுக்கும் மேல். இதில் கவனிக்க வேண்டியது, காய்ச்சியவர்கள் ஒரு போத்தலைக்கூடத் தங்கள் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. எல்லாம் பங்கீட்டுக் கடைக்குப் போகும். வேண்டுமென்றால் மற்றவர்களைப் போல் அட்டையைக் காட்டி வாங்கிக் கொள்ள வேண்டியதுதான்.

அதே ஆண்டு அவர்கள் செய்த இன்னொரு வேலையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. குண்டு வீச்சுக்குப் பயந்து நகரத்துப் பிள்ளைகளை 1939இல் கிராமங்களுக்கு அனுப்பினார்கள் அல்லவா? அந்தப் பிள்ளைகளைத் தங்கள் வீடுகளில் ஏற்றுக் கொண்டவர்களில் ஏராளமானோர் மன்றத்துப் பெண்கள். வந்த பிள்ளைகளின் தலையில் பேன், காலில் கிழிந்த சப்பாத்து, மாற்றுத் துணி இல்லை. சிலர் படுக்கையை நனைத்தார்கள். முகம் சுளித்தவர்கள் உண்டு, திட்டித் தீர்த்தவர்களும் உண்டு. மன்றம் என்ன செய்தது என்றால், எல்லாக் கிளைகளிலிருந்தும் விவரம் கேட்டு வாங்கி, 'கிராமத்தின் கண்ணில் நகரத்துப் பிள்ளைகள்' என்ற பொருள்படும் தலைப்பில் 1940இல் ஓர் அறிக்கையாக வெளியிட்டது. தலைநகரத்தின் மூக்குக்குக் கீழே இருந்த ஏழ்மையைக் கிராமத்துப் பெண்கள் எழுதிக் காட்டிய அறிக்கை அது. 1943இல் சம வேலைக்குச் சம ஊதியம் என்று தீர்மானம் போட்டார்கள். 1954இல் குப்பையைக் கண்ட இடத்தில் போடுவதற்கு எதிராக அவர்கள் போட்ட தீர்மானத்திலிருந்துதான் பிரிட்டனின் துப்புரவு இயக்கம் பிறந்தது.

பிற்காலத்தில் உலகமே பேசிய நாட்காட்டிக் கதை நேயர்களுக்குத் தெரிந்திருக்கும். 2003இல் திரைப்படமாகவும் வந்தது. வட யார்க்‌ஷியரில் ரில்ஸ்டோன் வட்டார மன்றத்தைச் சேர்ந்த ஓர் உறுப்பினரின் கணவர் 1998இல் புற்றுநோயால் இறந்தார். அவர் நினைவாகப் பணம் திரட்ட, நடுத்தர வயதைக் கடந்த பெண்கள் பூக்களுக்கும் பலகாரத் தட்டுகளுக்கும் பின்னால் உடலை மறைத்து நின்று படம் எடுத்துக் கொண்டார்கள். இரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பல மில்லியன் பவுன் சேர்ந்தது. அந்தத் துணிச்சல் நமக்குச் சரிப்படுமா என்பது வேறு பேச்சு. படத்தைப் பார்த்துச் சிரித்த பலருக்கு, அதன் பின்னால் நூறாண்டுப் பழக்கம் உள்ள ஒரு மன்றம் இருந்தது தெரியாது.

இனி மறுபடியும் ஒண்டாரியோ. இந்த உரையின் மையம் அங்கேதான் இருக்கிறது.

1935இல் கனடாவின் கவர்னர் ஜெனரலாக டுவீட்ஸ்மியூர் பிரபு வந்தார். ஜான் பக்கன் என்ற பெயரில் நாவல்கள் எழுதியவரும் அவரே. அவருடைய துணைவியார் இங்கிலாந்தில் மாதர் மன்றத்தில் பழகியவர். இங்கிலாந்துக் கிராமங்களில் மன்றத்துப் பெண்கள் தங்கள் ஊர் வரலாற்றைத் தொகுத்து வைப்பதைப் பார்த்திருந்தார். ஒண்டாரியோ பெண்களைச் சந்தித்தபோது, உங்கள் ஊருக்கும் இப்படி ஓர் ஏடு தொடங்குங்களேன் என்று சொன்னார். அந்த யோசனை பிடித்துக் கொண்டது. கணவர் 1940இல் பதவியில் இருக்கும்போதே காலமாக, அம்மையார் பிரிட்டன் திரும்பினார். அவர் பெயரிலேயே 'டுவீட்ஸ்மியூர் ஊர் வரலாற்று ஏடுகள்' என்ற திட்டத்தை 1947இல் மன்றம் முறைப்படி தொடங்கியது.

ஏடு எப்படி இருக்கும்? தடித்த அட்டை போட்ட பெரிய ஒட்டுப் புத்தகம். ஊருக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது, எந்த நிலத்தை யார் முதலில் திருத்தினார்கள், பிறகு யார் கைக்குப் போனது, பள்ளிக்கூடத்தை எந்த ஆண்டு கட்டினார்கள், முதல் ஆசிரியை யார், தேவாலயம், கொல்லன் பட்டறை, மாவு மில், வெண்ணெய்த் தொழிற்சாலை, தபால் நிலையம் என்று பக்கம் பக்கமாகப் போகும். பத்திரிகை நறுக்குகள், கல்யாணப் படங்கள், போருக்குப் போய்த் திரும்பாத பையன்களின் பெயர்கள். ஒவ்வொரு கிளையிலும் அதற்கென்று ஒரு பொறுப்பாளர் உண்டு. அவர் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுவார். கிழவர் ஒருவர் ஒன்று சொல்வார், அவர் மனைவி அடுப்படியிலிருந்து அதைத் திருத்துவார். இரண்டையும் எழுதிக் கொண்டு வந்து நிலப் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டியதுதான்.

அவர்கள் வரலாற்றுப் படிப்புப் படித்தவர்கள் அல்லர். எழுத்துப் பிழைகள் உண்டு. சொந்தக்காரர்களைப் பற்றிக் கொஞ்சம் கூட்டிச் சொல்வதும் உண்டு. ஊரில் நடந்த அசிங்கங்களை விட்டுவிடுவது அதைவிட அதிகம். பல ஏடுகள், வெள்ளையர் குடியேறிய நாளிலிருந்துதான் வரலாறே தொடங்குகிறது என்பதுபோல் எழுதப்பட்டவை. அதற்கு முன் அந்த மண்ணில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்த பூர்வகுடிகளுக்கு அவற்றில் இரண்டு மூன்று பத்திகள் கிடைத்தால் அதிகம். இதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் இன்று அந்த ஊர்களில் வெண்ணெய்த் தொழிற்சாலை இல்லை. ஒற்றை அறைப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டுவிட்டன. சில ஊர்களே வரைபடத்தில் இல்லை. தாத்தாவைத் தேடி வருகிற பேரப்பிள்ளைகளுக்கும், பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களுக்கும் கையில் கிடைப்பது அந்த ஏடுகள்தான். உறுப்பினர் குறைந்து ஒரு கிளை மூடப்படும்போது, ஏட்டை வட்டார நூலகத்துக்கோ காப்பகத்துக்கோ கொடுத்துவிடுகிறார்கள். நிறைய ஏடுகள் இப்போது கணினியிலேயே பார்க்கக் கிடைக்கின்றன. மன்றம் மூடினாலும் ஊர் நிற்கிறது.

இனி நம் நாடு. மலாயாவில் 1948இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. காட்டோரத்தில் வாழ்ந்த லட்சக்கணக்கான மக்களைப் பெயர்த்து, முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் வைத்தார்கள். தோட்டத் தொழிலாளர்களின் லயங்களும் வேலிக்குள் வந்தன. அரிசியைக்கூட அளந்து கொடுத்த காலம். 1952இல் ஜெனரல் டெம்ப்ளர் பிரிட்டிஷ் உயர் ஆணையராக வந்தார். பிற்காலத்தில் செராஸில் காசநோயாளிகளுக்காக எழுந்த மருத்துவமனைக்கு வைக்கப்பட்டது அவருடைய துணைவியாரின் பெயர்தான். அந்த டெம்ப்ளர் சீமாட்டியின் முயற்சியில் அதே 1952இல் மாதர் மன்றம் மலாயாவில் கால் வைத்தது. மலாய் மொழியில் 'பெர்கும்புலான் பெரெம்புவான்' என்றார்கள். தையல், சமையல், குழந்தை வளர்ப்பு, சுகாதாரம் என்று வகுப்புகள் நடந்தன. கம்பத்து மலாய்ப் பெண்களிடையே அது நன்றாக வேரூன்றியது.

இதில் அரசியல் இல்லை என்று சொன்னால் அது உண்மையாகாது. கம்யூனிஸ்டுகளின் பக்கம் மக்கள் சாயாமல் இருக்க, அவர்கள் மனத்தை வெல்ல வேண்டும் என்பது டெம்ப்ளர் வகுத்த வழி. தையல் இயந்திரமும் அந்த வழியில் ஓர் ஆயுதம். ஸ்டோனி கிரீக்கில் பெண்கள் தாங்களாக வந்து அமர்ந்தார்கள். இங்கே மேலிடத்து அம்மாவின் ஆதரவில் கூட்டினார்கள். இருந்தாலும் கூட்டத்துக்கு வந்த பெண் தையலைக் கற்றுக் கொண்டாள், தலைவியாக இருக்கவும் கற்றுக் கொண்டாள். கற்றதை யாரும் திருப்பி வாங்கிக் கொள்ள முடியாது.

நம் தோட்டப்புறப் பெண்களுக்குச் சேவை என்பது யாரும் வந்து கற்றுக் கொடுத்ததல்ல. விடியுமுன் எழுந்து பசியாறல் கட்டி, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, பால்மரம் வெட்டப் போனவர்கள் அவர்கள். பிரசவம் என்றால் பக்கத்து வீட்டு அம்மா வருவார். சாவு என்றால் லயமே சமைக்கும். மாரியம்மன் திருவிழாவுக்குப் பத்து நாளும் அடுப்பு அணையாது. கூட்டுப் பணம் பிடித்துத் தாலிக்கொடி வாங்கிய கதைகள் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு. எல்லாம் நடந்தது. கூட்டக் குறிப்பு மட்டும் இல்லை.

அதனால் என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு ஒரு தோட்டத்தின் பெயரைச் சொன்னால் போதும்: பிராங் பெசார். முதல் உலகப்போரில் சண்டையிட்ட பிரிட்டிஷ் அதிகாரிகள் சிலர் 1921இல் தொடங்கிய தோட்டம். 'பெரும் போர்' என்பதே மலாய் மொழியில் அந்தப் பெயரின் பொருள். நல்ல பால் கொடுக்கும் ரப்பர் கன்று வகைகளை உருவாக்குவதில் அது உலகப் புகழ் பெற்றது. பிபி 86, பிபி 260 என்று அங்கே உருவான வகைகளுக்கு எண் கொடுத்தார்கள். 'பிபி' என்பது பிராங் பெசாரின் முதல் எழுத்துகள். ஆராய்ச்சி நூல்களில் அந்த மரங்களின் தாய்மரம் எது என்பது வரை எழுதி வைத்திருக்கிறார்கள். 1990களின் நடுவில் அந்தத் தோட்டத்தையும் சுற்றியிருந்த தோட்டங்களையும் எடுத்துப் புத்ராஜெயாவைக் கட்டினார்கள். அங்கே வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்கள் டெங்கில் பக்கம் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள்.

மரத்தின் வம்சாவளி ஏட்டில் இருக்கிறது. அந்த மரத்தைத் தினமும் வெட்டிய அம்மாவின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? சம்பளப் புத்தகத்தில் ஒரு காலத்தில் இருந்திருக்கும். புத்தகம் கம்பெனியுடையது. லயத்தில் எத்தனையாவது வீடு யாருடையது, கோயில் மணியை யார் காசு பிரித்து வாங்கினார்கள், தமிழ்ப்பள்ளிக்குப் பலகை சுமந்தவர்கள் யார், பிரசவம் பார்த்த அம்மாவின் கைராசியில் பிறந்த பிள்ளைகள் எத்தனை பேர் என்பதெல்லாம் கம்பெனிக்குத் தேவைப்படாத விவரம். தெரிந்தவர்களுக்கு இப்போது வயது 70, 80. ஒவ்வொரு தீபாவளிக்கும் ஓரிருவர் குறைகிறார்கள்.

தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கோல்ஃப் திடலுக்கும் போன கதை சிலாங்கூரில் மட்டும் நடந்ததல்ல. பேராக்கில், கெடாவில், நெகிரி செம்பிலானில், ஜொகூரில் எத்தனையோ. அங்கிருந்து வந்தவர்கள் இன்று பட்டணத்து வீடமைப்புப் பகுதிகளில் வாழ்கிறார்கள். ஒரே ஆலயத்தின் மாதர் பிரிவில் ஏழெட்டுத் தோட்டங்களைச் சேர்ந்த அம்மாக்கள் இருப்பார்கள். பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் அவர்களின் மகள்கள் இருப்பார்கள். அம்மா சொல்ல மகள் எழுதலாம். கைத்தொலைபேசியில் குரலைப் பதிவு செய்ய மகளுக்குத் தெரியும். எந்தக் கேள்விக்கு அம்மா வாயைத் திறப்பார் என்பதும் தெரியும். பழைய படம் அலமாரிக்குள் சேலைக்கு அடியில்தான் இருக்கும். அதைப் பிரதி எடுத்துக் கொண்டு திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். படத்தில் நிற்பவர்களின் பெயரை அன்றே, அந்த இடத்திலேயே எழுதிவிட வேண்டும். அம்மாவும் அவருடைய தோழியும் வேறு வேறாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். ஒண்டாரியோ பெண்கள் அப்படித்தான் தொடங்கினார்கள். சண்டை, குடி, அடி என்று வருவதையும் ஒதுக்க வேண்டாம். அந்தப் பெண்கள் விட்டுவிட்டதை நாமும் விட வேண்டியதில்லை.

பெரிய விழா எதுவும் எடுக்க வேண்டாம். தடித்த அட்டை போட்ட கணக்குப் புத்தகம் ஒன்று, நல்ல பேனா ஒன்று, பொறுப்பாக ஒருவர். அடுத்த மாதக் கூட்டத்தின் வருகைப் பதிவில் அந்த மன்றத்துப் பெண்களின் வழக்கத்தைக் கடன் வாங்கலாம். பெயர் கூப்பிட்டதும் ஒவ்வொருவரும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும்: பிறந்த தோட்டம் எது, ஆயாக் கொட்டகையில் தூக்கி வைத்திருந்த ஆயாவின் பெயர் என்ன? செயலாளர் அதைத் தேதியோடு எழுதிக் கொள்ளட்டும்.